மலையைப் பற்றிய ஒற்றை வரிக் கணக்கு

கொஸ்லந்த உறவுகளுக்கு,

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். மலைக்குக் கீழே குடியிருக்கும் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஒக்டோபர் பிறந்தால் நம் ஊரில் வானத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. பின்னேரம் பூனாகலைப் பக்கம் கறுத்தால், பஸாரில் கடைக்காரர்கூட ஒரு தடவை வெளியே வந்து மலையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். 2014 ஒக்டோபர் 29க்குப் பிறகு வந்த பழக்கம் இது. அன்று காலை அம்பிட்டிகந்த தோட்டத்தின் மீரியபெத்த டிவிசனில் மலை இறங்கி வந்தது. லயன்கள் இருந்த இடம் சேறாகிப் போனது. காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, வீட்டில் ஆட்களும் இல்லை. நம்மில் பலர் அன்று மண்ணில் நின்றோம், சோறு சமைத்துக் கொண்டுபோனோம். அதை இங்கே திரும்ப விவரிக்கப் போவதில்லை.

இந்தப் பதிவை எழுதக் காரணம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி. "சேர், இப்ப கம்பியூட்டர்ல போட்டுப் பார்த்தா மலை எப்ப விழும்னு தெரியுமாமே. அப்ப அந்த மெஷின் இருந்திருந்தா மீரியபெத்த ஆளுங்க தப்பிச்சிருப்பாங்களா?"

பிள்ளை கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது: நம்மிடம் குறைந்தது கணினிதான் என்ற எண்ணம். பெரியவர்களிடமும் அதே எண்ணம் இருப்பதைப் பார்க்கிறோம். ஆகவே வகுப்பில் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வட்டத்தின் பரப்பளவை நாம் பள்ளிக்கூடத்தில் இரண்டு விதமாகக் கண்டுபிடித்திருக்கிறோம். ஒன்று, கட்டத்தாளில் வட்டத்தை வரைந்து, உள்ளே விழும் சின்னச் சதுரங்களை எண்ணுவது. ஓரத்தில் அரைகுறையாக விழும் சதுரங்களை ஒரு மாதிரி சரிக்கட்டி எண்ண வேண்டும். கட்டம் சிறிதாகச் சிறிதாக விடை சரியாக வரும், வேலையும் கூடும். மற்றது, ஆரையை ஆரையால் பெருக்கி, அதைப் பையால் பெருக்குவது. ஒரு வரியில் முடிந்துவிடும்.

பொறியியலிலும் இதே இரண்டு வழிகள்தான். பாலமோ அணைக்கட்டோ மலைச்சரிவோ, அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போட்டு, கணினியில் சேர்த்துப் பார்ப்பது எண்முறை. மொத்த விஷயத்துக்கும் ஒரே சூத்திரம் கண்டு, தாளில் விடை எடுப்பது பகுப்பாய்வு முறை. இன்று முதலாவதற்குத்தான் மதிப்பு. திரையில் நிறம் நிறமாகப் படம் வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மலை ஏன் சரிகிறது என்பதை மனிதன் கண்டுபிடித்தது இரண்டாவது வழியில்தான்.

அந்தக் கதை ஒரு தீவில் தொடங்குகிறது. நம் தீவில் அல்ல, கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில். பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர் ஒருவர் 1764இல் அங்கே கோட்டை கட்ட அனுப்பப்பட்டார். எட்டு வருடங்கள் இருந்தார். வெயிலிலும் மழையிலும் நோயிலும் உடம்பு கெட்டது. அவருக்கு இருந்த பெரிய தலையிடி, கோட்டைச் சுவருக்குப் பின்னால் கொட்டப்பட்ட மண் சுவரை எவ்வளவு பலமாகத் தள்ளும் என்பது. அவர் பெயர் கூலோம். ஆம், உயர்தரப் பௌதிகவியலில் மின்னேற்றத்தை அளக்கும் அலகுக்குப் பெயர் கொடுத்த அதே சார்ள்ஸ் ஒகஸ்டின் கூலோம்தான். மின்சாரத்தைத் தொடுவதற்கு முன்னர் அவர் மண்ணோடு மல்லுக்கட்டினார்.

நாடு திரும்பிய பிறகு 1773இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை 1776இல் அச்சானது. அதில் அவர் சொன்னதை நம் பாஷையில் இப்படிச் சொல்லலாம்: மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று, துணிக்கையும் துணிக்கையும் உரசும் உராய்வு. மற்றது, களிமண்ணில் இருப்பது போன்ற ஒட்டும் தன்மை. மண் எந்தத் தளத்தில் வழுக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே வழுக்கக்கூடிய எல்லாத் தளங்களையும் எண்ணிப் பார்த்து, அவற்றில் மிக மோசமானது எது என்பதை நுண்கணிதத்தால் கண்டுபிடி. அந்த மோசமான தளத்துக்குத் தாங்குமாறு சுவரைக் கட்டு. இருநூற்றைம்பது வருடங்கள் கழிந்தும் வீதியோரம் மண் தாங்கும் சுவர் கட்டுகிறவர்களின் கணக்கில் இந்த யோசனை இருக்கிறது.

கூலோம் வழுக்கும் தளத்தை நேர்கோடாக எடுத்தார். 1846இல் இன்னொரு பிரெஞ்சுப் பொறியியலாளர், அலெக்ஸாந்தர் கொலின், கால்வாய்க் கரைகள் சரிந்த இடங்களை அளந்து பார்த்துவிட்டு, களிமண் வளைந்த தளத்தில்தான் வழுக்குகிறது என்று எழுதினார். அதை அந்தக் காலத்தில் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

உலகம் திரும்பிப் பார்க்க உயிர்கள் போக வேண்டியிருந்தது. சுவீடனில் 1916இல் கோத்தன்பர்க் துறைமுகத்தில் ஒரு இறங்குதுறை வழுக்கிக் கடலுக்குள் போனது. 1918 ஒக்டோபர் 1ஆம் திகதி யேத்தா என்ற இடத்தில் ரயில் பாதை போட்டிருந்த மண்மேடு சரிய, வந்துகொண்டிருந்த ரயில் அதில் விழுந்து 40க்கும் மேற்பட்டவர்கள் மரணித்தார்கள். சுவீடன் ரயில்வே 1914இலேயே ஒரு ஆணைக்குழு அமைத்திருந்தது. வொல்மர் ஃபெலேனியஸ் அதன் தலைவர். அவர்கள் சரியக்கூடிய மண்ணை ஒரு வட்டத்தின் வில்லால் வெட்டி, அதைப் பாண் வெட்டுவது போல் நிமிர்ந்த துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் நிறையையும் உராய்வையும் கணக்கிட்டுக் கூட்டினார்கள். கட்டத்தாள் முறையின் சாயல் இதில் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் எல்லாம் பென்சிலும் தாளும்தான்.

இவ்வளவு வந்தும் ஒரு முக்கியமான ஆள் கணக்குக்கு வெளியே நின்றார். அவர் தண்ணீர்.

தண்ணீரைச் சரியாகக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் கார்ல் டெர்ஸாகி. 1883இல் பிராக் நகரில் பிறந்தவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1916இல், இஸ்தான்புலுக்குப் பொறியியல் படிப்பிக்கப் போனார். பிறகு அங்கேயே ரொபர்ட் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். பெரிய ஆய்வுகூடம் இல்லை. கையில் கிடைத்த சாமான்களை வைத்துக் களிமண்ணையும் மணலையும் அழுத்தியும் நனைத்தும் வருடக்கணக்கில் சோதித்தார். 1925இல் வந்த அவருடைய புத்தகத்திலிருந்துதான் நவீன மண் பொறியியல் தொடங்குகிறது என்பார்கள். அவர் கண்டது இதுதான்: மண்ணின் மேல் இறங்கும் பாரம் முழுவதையும் மண் துணிக்கைகள் சுமப்பதில்லை. இடைவெளிகளில் நிற்கும் தண்ணீர் ஒரு பங்கைச் சுமக்கிறது. தண்ணீருக்கு உராய்வு கிடையாது. ஆகவே தண்ணீர் எவ்வளவு பாரத்தைத் தன் தோளில் எடுக்கிறதோ, அவ்வளவு உராய்வு குறைந்துபோகிறது.

மழை பெய்தால் மலை பாரமாகி விழுகிறது என்றுதான் நாம் பொதுவாகச் சொல்வோம். அது பாதி உண்மை. பாரம் கூடுவதைவிட, தண்ணீர் துணிக்கைகளை உள்ளிருந்து தள்ளிப் பிடியைத் தளர்த்துவதுதான் பெரிய காரணம். இஸ்தான்புலில் ஒரு ஆசிரியர் கண்ட இந்த உண்மைதான் நம் மலைகளின் கதையும்.

இனி அந்த ஒற்றை வரிக் கணக்குக்கு வருவோம். நீண்ட சீரான சரிவு ஒன்றை எடுங்கள். மேலே மண், கீழே பாறை. நம் தேயிலை மலைகள் பல அப்படித்தான். மண்ணைக் கீழே இழுக்கும் விசைக்கும், அதைப் பிடித்து வைத்திருக்கும் விசைக்கும் உள்ள விகிதத்தைப் பாதுகாப்புக் காரணி என்பார்கள். பிடிமானத்தை இழுவிசையால் வகுக்க வேண்டும். விடை 1க்கு மேல் என்றால் மலை நிற்கும். 1க்குக் கீழே என்றால் நிற்காது.

ஒட்டும் தன்மை இல்லாத காய்ந்த மண்ணுக்கு இந்த விகிதம் மிக எளிது: மண்ணின் உராய்வுக் கோணத்தின் தாஞ்சனை, சரிவின் கோணத்தின் தாஞ்சனால் வகுத்தால் சரி. உதாரணத்துக்கு உராய்வுக் கோணம் 32 பாகை, சரிவு 20 பாகை என்று வைப்போம். 0.625ஐ 0.364ஆல் வகுத்தால் சுமார் 1.72. நல்ல உறுதியான மலை.

இப்போது மழை பெய்து மண்ணுக்குள் நீர்மட்டம் தரை வரைக்கும் ஏறி, தண்ணீர் சரிவோடு சேர்ந்து உள்ளே வடிகிறது என்று வைப்போம். ஒரு கனமீற்றர் ஈர மண் ஏறக்குறைய 2 தொன். ஒரு கனமீற்றர் தண்ணீர் 1 தொன். ஆகவே பாரத்தில் கிட்டத்தட்டப் பாதியைத் தண்ணீர் தூக்கிவிடுகிறது. பிடிமானம் பாதியாகிறது. இழுவிசையோ குறைவதே இல்லை. 1.72 என்று இருந்தது 0.88க்கு இறங்கிவிடுகிறது. அதே மலை, அதே மண், அதே சரிவு. தண்ணீர் மட்டும்தான் வித்தியாசம். காய்ந்த காலத்தில் அசையாமல் நின்ற மலை ஒரு மழையில் ஏன் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எங்களுக்குத் தெரியாது.

நீர்மட்டத்தைத் தரையிலிருந்து இறக்கி, மண்ணின் பாதி ஆழத்தில் வைக்க முடிந்தால்? அதே கணக்கு இப்போது 1.30 என்று சொல்கிறது. விழ வேண்டிய மலை நின்றுவிடுகிறது. தோட்டத்தில் வேலை செய்த நம் பாட்டன்மாருக்குக் கான் வெட்டு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மலையில் குறுக்காகக் கான் வெட்டி, நிரம்பிய மண்ணை அள்ளி, தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிடும் வேலை அது. மண் கழுவிப் போகாமல் இருக்கத்தான் அதைச் செய்தார்கள். ஆனால் மேலே விழும் மழை உள்ளே இறங்காமல் வெளியே போனால், மலைக்குள் நீர்மட்டம் ஏறுவதும் குறைகிறது. கான் தூர்ந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கி உள்ளே இறங்கும். 0.88க்கும் 1.30க்கும் இடையில் நிற்பது பல இடங்களில் ஒரு மண்வெட்டி வேலைதான்.

பெரிய அளவிலும் இதுதான் வழி. கொழும்பு–பதுளை ரயில் பாதையில் வட்டவளையில் 1990களின் ஆரம்பத்தில் பாதையையே நகர்த்திய ஒரு மண்சரிவு இருந்தது. அதை அடக்கிய விதம், மலைக்குள் நீளமான துளைகளைச் செலுத்தி உள்ளே நின்ற தண்ணீரை வடியவிட்டது. மலையை முட்டுக்கொடுத்து நிறுத்துவதைவிட அதன் வயிற்றுத் தண்ணீரை எடுப்பது சுலபம் என்பதை அந்த ஒற்றை வரி முன்பே சொல்லியிருந்தது.

இந்தக் கணக்கு வெறும் வகுப்பறைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 1957இல் ஸ்கெம்ப்டன், டெலோரி என்ற இருவர் லண்டன் களிமண் நிலத்தில் உள்ள இயற்கைச் சரிவுகளைப் பார்த்தார்கள். அந்தக் களிமண்ணின் உராய்வுக் கோணம் சுமார் 20 பாகை. ஆனால் அங்கே 10 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் நெடுங்காலம் நிலைப்பதில்லை. ஏன் பாதி? தண்ணீர்தான். சூத்திரம் சொன்னதைத்தான் நிலமும் சொன்னது.

இன்னொரு விஷயத்தையும் இந்த வரி காட்டுகிறது. மரம் நட்டால் மலை நிற்கும் என்று நாம் எல்லாக் கூட்டங்களிலும் சொல்கிறோம். வேர் மண்ணுக்கு ஒரு ஒட்டும் தன்மையைக் கொடுப்பது உண்மை. ஆனால் சூத்திரத்தில் அந்த ஒட்டும் பலத்தை மண்ணின் ஆழத்தால் வகுக்க வேண்டியிருக்கிறது. ஒரு மீற்றர் ஆழமான மண்ணில் வேர்கள் பாதுகாப்புக் காரணியை 0.78ஆல் கூட்டுகின்றன என்று வைத்தால், வேர் அவ்வளவு ஆழம் போனால்கூடப் பத்து மீற்றரில் அது 0.08தான். ஆகவே மரம் மேலோட்டமான சரிவைத் தடுக்கும். ஆழத்திலிருந்து வரும் சரிவுக்கு முன்னால் மரமும் சேர்ந்துதான் வரும். மரம் நடுவோம், ஆனால் மரம் நட்டுவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

இங்கேதான் சூத்திரத்தின் பெருமை இருக்கிறது. கணினி ஒரு குறிப்பிட்ட மலைக்கு ஒரு எண்ணைத் தரும். மண்ணின் ஆழத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று தெரிய, திரும்ப ஓட்ட வேண்டும். தண்ணீரை மாற்றினால் இன்னொரு தடவை. சூத்திரத்தில் எது மேலே நிற்கிறது, எது கீழே நிற்கிறது என்று பார்த்தாலே போதும். எதைத் தொட்டால் மலை அசையும், எதைத் தொட்டும் பயனில்லை என்று கண் முன்னால் தெரியும்.

கணினி எப்போது வந்தது? 1937இல் அமெரிக்காவில் டெய்லர் என்ற பேராசிரியர், நூற்றுக்கணக்கான வட்டக் கணக்குகளைத் தானே செய்து, விடைகளை ஒரு வரைபடத்தில் அடக்கிக் கொடுத்தார். சரிவின் கோணத்தையும் மண்ணின் பலத்தையும் வைத்து வரைபடத்தில் விரல் வைத்தால் விடை வரும். 1955இல் லண்டனில் பிஷப் துண்டு முறையைத் திருத்தினார். 1958இல்தான் லிட்டில், பிரைஸ் என்ற இருவர் சரிவுக் கணக்கை மின்னணுக் கணினியில் போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். 1960இல் பிஷப்பும் மோர்கன்ஸ்டேர்னும் அந்த விடைகளையும் வரைபடங்களாக்கினார்கள். மலையைப் பல்லாயிரம் துண்டுகளாக்கிப் பார்க்கும் முடிவுறு மூலக முறை இதற்கெல்லாம் பிறகு வந்தது.

1999இல் கிரிஃபித்ஸ், லேன் என்ற ஆய்வாளர்கள் அந்தப் புதிய முறையை ஒரு எளிய சரிவில் சோதித்தார்கள். கணினி சொன்ன விடை 1.4. சரிதானா என்று எதோடு ஒப்பிட்டார்கள் தெரியுமா? 1960ஆம் ஆண்டு வரைபடத்தோடு. அது சொன்ன விடை 1.38. நாற்பது வருடப் பழைய தாள்தான் கணினிக்குச் சாட்சி சொன்னது. இன்றும் நல்ல பொறியியலாளர் கணினி விடையை அப்படியே நம்புவதில்லை. முதலில் ஒரு தாளில் சுமாராகக் கணக்குப் போட்டுப் பார்ப்பார். இரண்டும் வெகுதூரம் விலகினால் கணினிக்குக் கொடுத்த தரவில் எங்கோ பிழை என்று தேடுவார். நாங்கள் பிள்ளைகளிடம் கல்குலேட்டரை அழுத்துவதற்கு முன் மனதால் மதிப்பிடச் சொல்வதும் இதற்காகத்தான்.

சூத்திரத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் கூடாது. அதற்கு எல்லை இருக்கிறது. மலை ஒரே சீராக இருக்காது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பழைய சரிவில் வந்து குவிந்த மண், நடுவில் வீதி வெட்டிய இடம், அதற்கு மேல் ஊற்று. இப்படிப்பட்ட இடத்துக்குத் துண்டு துண்டாகப் பார்க்கும் கணினி முறைதான் பொருத்தம். அதைவிட முக்கியம், மலை விழுமா என்று மட்டும்தான் நம் சூத்திரம் சொல்லும். விழுந்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்று சொல்லாது. மீரியபெத்தயில் மண் கிலோமீற்றர்க் கணக்கில் ஓடியது. சரிந்த இடத்துக்கும் புதைந்த வீட்டுக்கும் இடையில் இருந்த அந்தத் தூரத்தைக் கணிக்க ஒற்றை வரி போதாது. அங்கே கணினி உண்மையிலேயே உதவும்.

ஆனால் கணினிக்கும் சாப்பாடு வேண்டும். மண் எவ்வளவு ஆழம், உராய்வுக் கோணம் என்ன, இன்றைக்கு நீர்மட்டம் எங்கே என்று யாராவது போய்த் துளையிட்டு அளந்து கொடுக்க வேண்டும். அளக்காத மலைக்கு எந்த மெஷினாலும் சரியான விடை சொல்ல முடியாது.

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருகிறோம். மெஷின் இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா?

நம் நாட்டில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் அமைந்தது. 1986 ஜனவரியில் மலைநாட்டில் நடந்த பெரும் மண்சரிவுகளுக்குப் பிறகு, 1990இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு மண்சரிவு அபாய வரைபடங்கள் தயாரிக்கும் வேலை தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் இரண்டே இரண்டு: நுவரெலியாவும் நம் பதுளையும். சரிவின் கோணம், மண்ணின் ஆழம், பாறை, தண்ணீர் போகும் வழி, நிலத்தின் பாவனை ஆகியவற்றைக் கள ஆய்வில் பார்த்து, எந்த இடம் எவ்வளவு ஆபத்தானது என்று குறித்தார்கள். மீரியபெத்த ஆபத்தான இடம், மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாக அனர்த்தம் நடந்தபோதே அதிகாரிகள் சொன்னார்கள். அது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

ஆகவே பிள்ளைக்கு நாங்கள் சொன்ன பதில் இது: மகன், கணக்கு இருந்தது. விடையும் வந்திருந்தது. எழுந்து போக வேண்டிய மக்களுக்குப் போய் இருக்க ஒரு வீடும் ஒரு துண்டு நிலமும்தான் இருக்கவில்லை.

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. எங்களுக்கும் அதற்கு மேல் பேச வரவில்லை.

தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்தவர்களிடம், இது ஆபத்தான இடம், போய்விடுங்கள் என்றால் எங்கே போவார்கள்? வேலை தோட்டத்தில், லயமும் தோட்டத்தினுடையது, நிலம் அவர்கள் பெயரில் இல்லை. இந்தக் கேள்விக்கு எந்தச் சூத்திரமும் விடை தராது. எந்தக் கணினியும் தராது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் லயன்கள் மேல் மண் வந்தபோது நாம் திரும்பவும் அதே கேள்வியின் முன்னால் நின்றோம். இனி ஒரு புதிய தொழில்நுட்பம் வரப்போகிறது, அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது மேடையில் சொன்னால், நல்லது, வரட்டும் என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே வந்த விடைக்கு என்ன செய்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்போம். கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பவை சில.

மலைக்குள் நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று நம்மால் பார்க்க முடியாது. ஆனால் மழையை அளக்க முடியும். நிறுவனம் எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகளும் மழையை வைத்துத்தான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானமாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறிவிட வேண்டும். வாயும் அடியும் ஒரே அகலமான, நேரான பக்கங்கள் உள்ள ஒரு டின்னையோ போத்தலையோ வெட்டவெளியில் மட்டமாக வையுங்கள். அடிமட்டத்தை விட்டுப் பாருங்கள். தண்ணீர் பத்து சென்றிமீற்றர் நின்றால் 100 மில்லிமீற்றர். ஆண்டு ஐந்து பிள்ளைக்குப் பார்க்கத் தெரியும். ஒவ்வொரு லயத்திலும் ஒரு பிள்ளை அந்த வேலையை எடுத்தால், மலையின் கணக்கில் மிக முக்கியமான எண் அந்த வீட்டிலேயே இருக்கும்.

இரண்டாவது, கான்கள். மழைக்கு முன்னர் துப்புரவாக்குவோம். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். குழாய் உடைந்து மேலே வடிந்துகொண்டிருந்தால் அதுவும் மலைக்குள்தான் போகிறது.

மூன்றாவது, மலை பேசும் பேச்சு. நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, இருந்த ஊற்று கலங்கலாகவோ வற்றியோ போவது. இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். வீட்டை விட்டு வெளியேறி, பக்கத்து லயத்துக்கும் சொல்லிவிட்டு, 117க்கு அறிவியுங்கள். பள்ளிவாசலானாலும் கோயிலானாலும் விகாரையானாலும் அன்று கதவு திறந்திருக்கும். 2014இலும் திறந்துதான் இருந்தன.

தவக்குல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது அல்ல என்று எங்கள் உஸ்தாத் சின்ன வயதில் சொல்லித் தந்தார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் மிச்சத்தை அல்லாஹ்விடம் ஒப்படைக்க வேண்டும். மழையை அளப்பதும் கான் வெட்டுவதும் கேட்க வேண்டிய இடத்தில் வீடு கேட்பதும் அந்தச் செய்ய வேண்டியவற்றில் அடங்கும் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

மீரியபெத்த மண்ணுக்குள் இன்னும் உறங்குபவர்களை இந்த மாதம் நினைத்துக்கொள்வோம். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மண் பொறியியல் படித்து இந்த மலைக்கே கணக்குப் பார்க்க வர வேண்டும் என்பது எங்கள் துஆ. அந்தக் கணக்கின் விடைக்குச் செவிகொடுக்கும் ஒரு நாடும் அப்போது இருக்க வேண்டும் என்பது இன்னொரு துஆ.

அடுத்த வாரம் பாடசாலை விட்ட பிறகு, போத்தலில் மழைமானி செய்யும் விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பழைய போத்தல்கள் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். பெற்றோரும் வரலாம்.